கல்யாண ஆல்பம் ஏன் லேட் ஆகுது? ‘வேல்யூ ஸ்ட்ரீம்’ சர்ட்டிஃபிகேஷனுக்குத் தயாராகிறவங்களுக்கு ஒரு கைடு!

கல்யாணம் முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு. மறுவீடு, விருந்து, ஆடி சீர் எல்லாம் முடிஞ்சது. ஆனா, ஆல்பம் மட்டும் இன்னும் வரலை. போன் பண்ணினா ஸ்டூடியோ அண்ணன், ‘டிசைனிங்ல இருக்கு தம்பி, அடுத்த வாரம் கொடுத்துடலாம்’ என்கிறார். போன மாசமும் இதையேதான் சொன்னார்.

ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. ஆல்பம் செய்ய உண்மையிலேயே மூணு மாசம் ஆகுமா? ஒருத்தர் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து, வேறு வேலை எதையும் தொடாமல் செய்தால் மூணு, நாலு நாளில் முடிஞ்சுடும். அப்போ மீதி நாள்கள் எங்கே போச்சு?

இந்த ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் கண்டுபிடிக்கிறதுதான் ‘வேல்யூ ஸ்ட்ரீம்’ படிப்பு. உங்க ஆபீஸ் நண்பர் லிங்க்ட்இன்னில் பேட்ஜ் போட்டு, ‘த்ரில்டு டு அனௌன்ஸ்’ என்று எழுதினாரே, அந்த சர்ட்டிஃபிகேஷனின் மையமும் இதுதான். ‘நாமளும் ஒண்ணு எழுதிடலாமா?’ன்னு யோசிக்கிறீங்களா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுடுங்க.

வேல்யூ ஸ்ட்ரீம்... அப்படின்னா?

கஸ்டமர் ஒரு பொருளையோ சேவையையோ கேட்கிற நொடியிலிருந்து, அது அவர் கைக்குப் போய்ச் சேருகிற நொடி வரைக்கும் நடக்கிற எல்லாமே சேர்ந்தது ஒரு வேல்யூ ஸ்ட்ரீம். ‘மதிப்பு ஓடை’ன்னு வெச்சுக்கலாம். ஓடை மாதிரி வேலை மேலேயிருந்து கீழே ஓடணும். நடுவில் எங்கே தேங்கி நிற்குதுன்னு பார்க்கிறதுதான் வேலை.

இந்தப் பார்வையின் வேர் ஜப்பானின் டொயோட்டா கார் தொழிற்சாலையில் இருக்கு. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு தாய்ச்சி ஓனோ என்ற பொறியாளர் அங்கே உற்பத்தி முறையை மாற்றி அமைத்தார். காத்திருப்பு, தேவைக்கு மேல் உற்பத்தி, பழுது என வீணாவதை ஏழு வகையாகப் பிரித்துப் பார்த்தார். அதன் பிறகு 1998-ல் மைக் ராதரும் ஜான் ஷூக்கும் ‘லேர்னிங் டு ஸீ’ என்ற புத்தகத்தில், தொழிற்சாலையில் வேலை போகும் பாதையைக் காகிதத்தில் படமாக வரையும் முறையை விளக்கினார்கள். இன்றைக்கு எல்லோரும் சொல்லும் ‘வேல்யூ ஸ்ட்ரீம் மேப்பிங்’ பிரபலமானது அதற்குப் பிறகுதான்.

‘அஜைல்’ தனிக் கிளையாக வந்தது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 சாஃப்ட்வேர்காரர்கள் கூடி எழுதியதுதான் அஜைல் மேனிஃபெஸ்டோ. 4 மதிப்புகள், 12 கோட்பாடுகள். அவ்வளவுதான் அது. 2003-ல் மேரி, டாம் பாப்பன்டீக் தம்பதி டொயோட்டா சிந்தனையை சாஃப்ட்வேருக்குக் கொண்டு வந்து புத்தகம் எழுதினார்கள். பாதியில் நிற்கும் வேலை, யாரும் கேட்காத ஃபீச்சர், ஒரே ஆள் நாலு வேலைக்குத் தாவுவது, காத்திருப்பு என ஐ.டி ஆபீஸின் வீணடிப்புகளைப் பட்டியல் போட்டார்கள். இந்த இரண்டு கிளைகளும் சேரும் இடத்தில்தான் இன்றைய சர்ட்டிஃபிகேஷன்கள் நிற்கின்றன.

எந்த சர்ட்டிஃபிகேஷன்?

இங்கேதான் நிறைய பேர் குழம்புறாங்க. சுருக்கமாகச் சொல்லிடலாம்.

‘டிசிப்ளின்டு அஜைல்’ என்ற முறையை உருவாக்கியவர்கள் ஸ்காட் ஆம்ப்ளர், மார்க் லைன்ஸ். 2019-ல் அதை பி.எம்.ஐ. (பி.எம்.பி சான்றிதழ் கொடுக்கிற அதே அமைப்புதான்) வாங்கிவிட்டது. அதே ஆண்டில் ஆல் ஷாலவே உருவாக்கிய ‘ஃப்ளெக்ஸ்’ என்ற முறையும் அங்கே சேர்ந்தது. இந்த இரண்டும் கலந்து வந்ததுதான் ‘டிசிப்ளின்டு அஜைல் வேல்யூ ஸ்ட்ரீம் கன்சல்டன்ட்’ என்ற சான்றிதழ். டீமை மட்டும் பார்க்காமல் மொத்த நிறுவனத்தின் ஓட்டத்தையும் பார்க்கிறவர்களுக்கானது. அதாவது, அனுபவசாலிகளுக்கானது.

அதே குடும்பத்தில் ஆரம்ப நிலைக்கு ‘ஸ்க்ரம் மாஸ்டர்’, அதற்கு மேலே ‘சீனியர் ஸ்க்ரம் மாஸ்டர்’ என்று படிகள் இருக்கு. குடும்பத்துக்கு வெளியே, ஸ்க்ரம்.ஆர்க் நடத்தும் பி.எஸ்.எம்-1 தேர்வு 60 நிமிடத்தில் 80 கேள்விகள், 85 சதவிகிதம் எடுத்தால் பாஸ். வகுப்புக்குப் போகணும்னு கட்டாயமில்லை, புதுப்பிக்கவும் தேவையில்லை. மாறாக, சில சான்றிதழ்களுக்குப் பயிற்சி வகுப்பும் கட்டாயம், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கட்டணம் கட்டிப் புதுப்பிக்கவும் வேண்டும்.

அதனால, பணம் கட்டுறதுக்கு முன்னாடி அந்த அமைப்பின் அதிகாரபூர்வ தளத்தில் நாலு விஷயத்தை நீங்களே பார்த்துடுங்க. இந்தத் தேர்வு இப்போதும் நடக்குதா? எத்தனை வருட அனுபவம் கேட்கிறாங்க? வகுப்பு கட்டாயமா? புதுப்பிக்க எவ்வளவு செலவாகும்? இந்தத் துறையில் பேரும் விதிகளும் அடிக்கடி மாறும். டிரெய்னிங் சென்டர் அனுப்பும் வாட்ஸ்அப் போஸ்டரை மட்டும் நம்பி ஏறக்கூடாத பஸ் இது.

ஆல்பத்தை வரைஞ்சு பார்ப்போமா?

சரி, பாடத்துக்கு வருவோம். நம்ம கற்பனை ஸ்டூடியோவில் ஒரு ஆல்பம் போகும் பாதையை வரைவோம். ஒரு வேலைநாள் என்பது 8 மணி நேரம்.

* போட்டோக்களைப் பிரித்து அனுப்புவது: வேலை 4 மணி நேரம். அதுக்கு முன்னாடி காத்திருப்பு 10 நாள்.
* மணமக்கள் செலக்ட் செய்வது: வேலை 3 மணி நேரம். காத்திருப்பு 45 நாள்.
* டிசைன்: வேலை 12 மணி நேரம். காத்திருப்பு 20 நாள்.
* கரெக்‌ஷன்: வேலை 2 மணி நேரம். காத்திருப்பு 15 நாள்.
* பிரின்ட், பைண்டிங்: வேலை 3 மணி நேரம். காத்திருப்பு 10 நாள்.

கூட்டிப் பாருங்க. மொத்த வேலை 24 மணி நேரம், அதாவது 3 நாள். காத்திருப்பு 100 நாள். கஸ்டமர் பார்வையில் மொத்தம் 103 நாள். இதைத்தான் ‘லீட் டைம்’ என்கிறார்கள். வேலை நடந்த 3 நாளை 103-ஆல் வகுத்தால் கிடைப்பது ‘ஃப்ளோ எஃபிஷியன்ஸி’. இங்கே அது சுமார் 3 சதவிகிதம். நூறு நாளில் மூணு நாள்தான் அந்த ஆல்பத்தை யாரோ ஒருத்தர் தொட்டிருக்கார்!

இப்போ ஸ்டூடியோ ஓனர் என்ன செய்வார்? ‘டிசைனர் ஸ்லோவா இருக்கான்’னு சொல்லிக் கடன் வாங்கி ஒரு புது கம்ப்யூட்டர் வாங்குவார். டிசைன் நேரம் 12 மணியிலிருந்து 6 மணியாகப் பாதி குறையுது. செம்ம முன்னேற்றம்தானே? மொத்தக் கணக்கைப் பாருங்க. 103 நாள், 102 நாள் சொச்சமாக மாறியிருக்கு. கஸ்டமருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. இ.எம்.ஐ மட்டும் மிச்சம்.

அதுக்குப் பதிலா 45 நாள் காத்திருப்பைத் தொட்டால்? மணமக்கள் ஏன் 45 நாள் எடுத்துக்கிறாங்க? சோம்பேறித்தனமா? இல்லை. 3,000 போட்டோவை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்து, ‘200 செலக்ட் பண்ணுங்க’ன்னு சொன்னா யாருக்குமே மலைப்பாத்தான் இருக்கும். அத்தை போட்டோ விட்டுப்போகக் கூடாது, சித்தப்பா கோவிச்சுக்கக் கூடாது. ஸ்டூடியோவே கண் மூடியது, மங்கலானது, ஒரே மாதிரி இருப்பதையெல்லாம் கழிச்சு, 400 மட்டும் போன்ல பார்க்கிற மாதிரி அனுப்பினா? 45 நாள் 15 நாளாகக் குறைந்தால் மொத்தம் 73 நாள். பைசா செலவில்லாமல் ஒரு மாதம் மிச்சம்.

தேர்வில் அதிகம் உதைக்கும் கணக்குகள்

முதலாவது, ‘சரியாகவும் முழுமையாகவும்’ வந்த சதவிகிதம். முந்தைய ஆள் அனுப்பியதை, திரும்பக் கேட்காமல் அப்படியே எடுத்து வேலையைத் தொடங்க முடிகிறதா என்பதுதான் இது. 100 கஸ்டமர் அனுப்பும் செலக்‌ஷன் லிஸ்ட்டில் 40 மட்டும்தான் ஒழுங்காக இருக்கு. டிசைனில் 50 சதவிகிதம் முதல் முறையே ஓகே ஆகுது. பிரின்ட்டில் 90 சதவிகிதம். இதோட சராசரி எடுக்கக் கூடாது. பெருக்கணும். 0.4 × 0.5 × 0.9 = 0.18. அதாவது, 100 ஆல்பத்தில் 18 மட்டும்தான் எங்கேயும் திரும்பி வராமல் நேராகப் போய்ச் சேருது. தனித்தனியாகப் பார்க்கும்போது ‘ஓரளவு பரவாயில்லையே’ன்னு தோணும். சேர்த்துப் பார்த்தால்தான் வலிக்கும்.

இரண்டாவது, லிட்டில்ஸ் லா. 1961-ல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி. கையில் இருக்கும் வேலையை, ஒரு வாரத்தில் முடிக்கும் வேலையால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு கிடைக்கும். ஸ்டூடியோவில் 30 ஆல்பம் பாதியில் நிக்குது, வாரத்துக்கு 3 முடியுது என்றால், ஒரு ஆல்பத்துக்குச் சராசரியாக 10 வாரம். இதை 5 வாரமாக்க இரண்டு வழி. வாரத்துக்கு 6 முடிக்கணும், அதுக்கு ஆள் வேணும், பணம் வேணும். இல்லாட்டி, ஒரே நேரத்தில் 15-க்கு மேல் கையில் எடுக்காமல் இருக்கணும். அஜைல் டீம்களில் ‘விப் லிமிட்’ வைக்கச் சொல்வது இதனால்தான். ஒரு எச்சரிக்கை: வேலை வருகிற வேகமும் முடிகிற வேகமும் ஓரளவு நிலையாக இருக்கும்போது கிடைக்கும் சராசரி இது. முகூர்த்த மாசத்தில் ஒரே நாளில் 20 ஆர்டர் வந்து குவியும்போது அப்படியே பொருத்தக் கூடாது.

மூன்றாவது, தாமதத்தின் விலை. ‘காஸ்ட் ஆஃப் டிலே’ என்பார்கள். உங்ககிட்ட இரண்டு வேலை இருக்கு. முதல் வேலை தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் 8,000 ரூபாய் நஷ்டம், முடிக்க 4 வாரம் ஆகும். இரண்டாவது வேலைக்கு வாரம் 6,000 ரூபாய் நஷ்டம், முடிக்க 1 வாரம் போதும். எதை முதலில் எடுப்பீங்க? பெரிய நஷ்டம்தானே முதலில் என்று 8,000-ஐ எடுத்தால் மொத்த நஷ்டம் 32,000 + 30,000 = 62,000 ரூபாய். சின்னதை முதலில் முடித்தால் 6,000 + 40,000 = 46,000 ரூபாய். நஷ்டத்தை நேரத்தால் வகுத்து, எது அதிகமோ அதை முதலில் எடுக்கணும் என்பதுதான் சூத்திரம். முதல் வேலைக்கு 2,000, இரண்டாவதுக்கு 6,000. ‘யார் அதிகமாகக் கத்துறாங்களோ அவங்க வேலை முதலில்’ என்று ஓடும் ஆபீஸ்களில் இந்த ஒரு கணக்கு பெரிய ஆயுதம்.

ஹைதராபாத்தில் நடந்த கதை

‘ஆல்பத்துக்கு ஓகே, ஐ.டி-யில் இதெல்லாம் நடக்குமா?’ன்னு கேட்கிறீங்களா? நடந்திருக்கு, அதுவும் நம்ம நாட்டிலேயே. 2004-ல் மைக்ரோசாஃப்ட்டின் உள் ஐ.டி பிரிவுக்காக ஹைதராபாத்திலிருந்து ஒரு சின்ன டீம் வேலை பார்த்தது. பழைய சாஃப்ட்வேர்களில் சின்னச் சின்ன மாற்றங்களைச் செய்து தருவது அவர்கள் வேலை. ஒரு கோரிக்கை வந்தால் முடிய சுமார் 5 மாதம் ஆச்சு. கம்பெனிக்குள்ளேயே மோசமான பெயர்.

புது மேனேஜராக வந்த டிராகோஸ் டுமிட்ரியு, டேவிட் ஆண்டர்சனின் உதவியோடு வேலையின் பாதையை வரைந்து பார்த்தார். அப்போதுதான் தெரிந்தது. புதிதாக ஒரு கோரிக்கை வந்தால் 48 மணி நேரத்துக்குள் ‘இதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்’ என்று எஸ்டிமேட் கொடுக்கணும்னு ஒரு விதி. அதுக்காக எல்லோரும் கையில் இருந்த வேலையை அப்படியே போட்டுட்டு எஸ்டிமேட் போட ஓடினாங்க. டீமின் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு இதிலேயே கரைஞ்சது. அப்படி எஸ்டிமேட் போட்டதில் பல வேலைகள் கடைசியில் நடக்கவே இல்லை!

எஸ்டிமேட்டை நிறுத்தினாங்க. ஒரே நேரத்தில் எடுக்கும் வேலைக்கு வரம்பு வெச்சாங்க. இடம் காலியானால் மட்டும் அடுத்த வேலையை உள்ளே எடுத்தாங்க. ஓட்டத்தைப் பார்த்து, டெஸ்டிங் பக்கம் இருந்த ஒருத்தரை டெவலப்மென்ட்டுக்கு மாத்தினாங்க. சுமார் ஒரு வருடத்தில் 5 மாதம் என்பது சராசரியாக 14 நாளாக இறங்கியது. சாஃப்ட்வேர் உலகில் ‘கான்பன்’ முறை பிறந்த கதையாக இதைத்தான் சொல்கிறார்கள். பாருங்க, அந்த டீம்ல யாரும் சோம்பேறி இல்லை. எல்லாரும் ஓடிக்கிட்டேதான் இருந்தாங்க. வேலைதான் ஓடலை.

ஆறு வாரத் திட்டம்

வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவங்களுக்கு, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கணக்கு.

முதல் வாரம்: அஜைல் மேனிஃபெஸ்டோவின் 12 கோட்பாடுகளையும் ஒவ்வொன்றாக உங்க சொந்த வார்த்தையில் எழுதுங்க. தமிழில் எழுதினாலும் தப்பில்லை, இன்னும் நல்லா மனசில் நிற்கும். லீன் சிந்தனையின் அடிப்படைகளையும் படிச்சுடுங்க.

இரண்டாவது வாரம்: புத்தகத்தை மூடுங்க. ஏதாவது ஒரு நிஜ வேலையை வரையுங்க. ஆபீஸில் போன மாசம் முடிந்த ஒரு டிக்கெட் போதும். எப்போ கைக்கு வந்துச்சு, எப்போ தொட்டாங்க, எப்போ அடுத்தவருக்கு அனுப்பினாங்க என்ற மூணு நேரத்தையும் ஒவ்வொரு படிக்கும் குறிச்சுக்கோங்க. ‘எப்படி நடக்கணும்’னு கம்பெனி மேனுவலில் இருப்பதை வரையாதீங்க, எப்படி நடந்ததோ அதை வரையுங்க. இந்த ஒரு வாரத்தைத் தாண்டிக் குதிக்கிறவங்கதான் தேர்வில் சூழ்நிலைக் கேள்விகளில் மாட்டிக்கிறாங்க.

மூன்றாவது வாரம்: கணக்குகள். லீட் டைம், ஃப்ளோ எஃபிஷியன்ஸி, லிட்டில்ஸ் லா, தாமதத்தின் விலை. மேலே பார்த்த நாலையும் எண்களை மாத்தி மாத்திப் போட்டுப் பாருங்க.

நான்காவது வாரம்: நீங்க எழுதப்போகும் தேர்வுக்கே உரிய பாடம். டிசிப்ளின்டு அஜைல் என்றால் அதன் 8 கோட்பாடுகள், பணிமுறைகள், எந்தச் சூழலில் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதெல்லாம். அதிகாரபூர்வ பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வெச்சுக்கிட்டு, தெரியாத தலைப்பை மட்டும் வட்டம் போட்டுப் படிங்க.

ஐந்தாவது வாரம்: மாதிரிக் கேள்விகள். சரியான விடையைக் கண்டுபிடிச்சா மட்டும் போதாது. மீதி மூணும் ஏன் தப்புன்னு ஒரு வரி எழுதுங்க.

ஆறாவது வாரம்: நேரம் வெச்சு இரண்டு முழு மாதிரித் தேர்வு. ஆன்லைனில் வீட்டிலிருந்து எழுதுவதாக இருந்தால் வெப்கேம், நெட், அடையாள அட்டையில் இருக்கும் பெயர் எல்லாத்தையும் முன்னாடியே சரிபார்த்துடுங்க. பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிவாகவும், பதிவில் ஒரே எழுத்தாகவும் இருந்து மாட்டிக்காதீங்க. முதல் நாள் ராத்திரி தூங்குங்க, ப்ளீஸ்.

கேள்விகள் எப்படி இருக்கும்?

மாதிரிக்கு ஒண்ணு பார்ப்போம். ‘டெஸ்டிங் டீமிடம் வேலை குவிந்து கிடக்கிறது. டெவலப்பர்கள் புது வேலைகளைத் தொடர்ந்து முடித்துத் தள்ளுகிறார்கள். நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்? அ) டெஸ்டர்களை வீக்எண்டிலும் வரச் சொல்வேன். ஆ) டெவலப்பர்களுக்கு டார்கெட்டை ஏற்றுவேன். இ) டெஸ்டிங்குக்கு முன்னால் நிற்கும் வேலைக்கு வரம்பு வைத்து, டெவலப்பர்களையும் டெஸ்டிங்குக்குக் கை கொடுக்கச் சொல்வேன். ஈ) டெஸ்டிங் டீம் லீடை மாற்றுவேன்.’

விடை இ. ஏன்? இறுக்கமான இடத்துக்கு முன்னாடி இன்னும் தண்ணீரைத் திறந்துவிட்டால் தேங்கத்தான் செய்யும். எலியாஹூ கோல்ட்ராட் 1984-ல் எழுதிய ‘தி கோல்’ நாவல் முழுக்க இந்த ஒரு விஷயத்தைத்தான் ஒரு தொழிற்சாலைக் கதையாகச் சொல்லுது. பாடப் புத்தகம் போரடிக்குதுன்னா அதைப் படிக்கலாம்.

பொதுவாக ஒரு டிப்ஸ். ‘முதலில் என்ன செய்வீர்கள்’ என்று கேட்டால், நிலைமையை நேரில் பார்ப்பது, சம்பந்தப்பட்டவர்களோடு பேசுவது, சின்னதாகச் சோதித்துப் பார்ப்பது போன்ற விடைகளின் பக்கம் கவனம் போகட்டும். ஆளை மாற்றுவது, மேலிடத்தில் புகார் செய்வது, ஒரே அடியாக எல்லாத்தையும் மாத்துவது போன்றவை பெரும்பாலும் வலை. ஆனா, இதையும் மனப்பாடம் பண்ணிடாதீங்க. கேள்வியில் சொல்லியிருக்கும் சூழ்நிலைதான் விடையைத் தீர்மானிக்கும். டிசிப்ளின்டு அஜைலின் கோட்பாடுகளில் ஒன்றே ‘சூழல் முக்கியம்’ என்பதுதான்.

‘100% பாஸ் கேரன்டி’ மெசேஜ் வந்தா?

பிளாக் பண்ணிடுங்க. ‘ஒரிஜினல் கேள்வி எங்ககிட்ட இருக்கு’, ‘நீங்க உட்கார்ந்தா போதும், ரிமோட்டில் நாங்க எழுதித் தர்றோம்’ என்று டெலிகிராமில் வரும் எல்லாமே விபரீதம். பிடிபட்டால் ரிசல்ட் ரத்தாகும், மறுபடி எழுதவும் தடை வரலாம். உங்க லேப்டாப்பை யாரோ ஒருத்தர் கையில் ரிமோட்டில் கொடுத்ததில் போகும் தகவல்கள் தனி. எல்லாத்தையும் விடுங்க, குறுக்கு வழியில் பாஸ் ஆனவர் இன்டர்வியூவில் ‘நீங்க வரைஞ்ச ஒரு மேப்பைப் பத்திச் சொல்லுங்க’ என்ற ஒரே கேள்வியில் வெளியே வந்துடுவார்.

உண்மையைச் சொல்லணும்னா...

இந்தச் சான்றிதழ் வாங்கினால் சம்பளம் ஏறுமா? ஏறலாம், ஏறாமலும் போகலாம். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவர் கிரெடிட் கார்டில் பணம் கட்டி, வேல்யூ ஸ்ட்ரீம் கன்சல்டன்ட் ஆவதில் அர்த்தமில்லை. அவங்க பாடத்தை இலவசமாகப் படிக்கட்டும், ஆபீஸில் வரைஞ்சு பழகட்டும், அது போதும். நாலைந்து வருடம் டீம்களில் உழைச்சு, ‘நம்ம டீம் சரியாத்தான் இருக்கு, ஆனா மொத்தமா ஏதோ இடிக்குதே’ன்னு தோண ஆரம்பிச்சவங்களுக்குத்தான் இது சரியான நேரம். அப்போதும் முதலில் ஹெச்.ஆரிடம் கட்டணத்தைக் கம்பெனி ஏற்குமான்னு கேளுங்க. ஏற்றால், ‘இத்தனை மாதம் வேலையை விடக் கூடாது’ என்ற நிபந்தனை இருக்கான்னு படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க.

இன்னொரு விஷயம். எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதை அழுத்திச் சொல்ல மாட்டாங்க. நீங்க ஆபீஸில் முதல் மேப்பை வரையும்போது, அதில் ஒரு கட்டத்தில் ‘காத்திருப்பு 8 நாள்’னு வரும். அந்தக் கட்டத்துக்குப் பின்னாடி ஒரு மனுஷன் இருப்பார். அவருக்கும் இ.எம்.ஐ இருக்கு, அப்ரைசல் வருது. அந்தப் படத்தை அப்படியே மீட்டிங்கில் ஸ்க்ரீனில் போட்டால், எல்லார் கண்ணும் அவர் பக்கம்தான் திரும்பும். 8 நாள் ஏன் ஆச்சுன்னு தோண்டினா, அவர் ஒருத்தரே மூணு டீமுக்கு வேலை பார்க்கிறது தெரிய வரலாம். ஆனா, அதுக்குள்ள பேரு கெட்டுப் போயிருக்கும்.

தர மேம்பாட்டின் தந்தையாக மதிக்கப்படும் டபிள்யூ. எட்வர்ட்ஸ் டெமிங், பிரச்னைகளில் 94 சதவிகிதம் அமைப்பினுடையது, தனி ஆள்களுடையது அல்ல என்று மதிப்பிட்டார். அதை மனசில் வெச்சுக்கோங்க. மேப்பில் ஆள் பேரை எழுதாதீங்க, வேலையின் பேரை எழுதுங்க. மேனேஜருக்குக் காட்டுறதுக்கு முன்னாடி அந்தக் கட்டத்தில் இருக்கிறவரிடம் காட்டி, ‘இது சரியா இருக்காண்ணா? எங்கே இடிக்குது?’ன்னு கேளுங்க. அவருக்குத்தான் தீர்வு தெரியும். இதைச் செய்யாமல் விட்டால், அடுத்த முறை யாரும் உங்களிடம் உண்மையான நேரத்தைச் சொல்லவே மாட்டாங்க. பொய்யான எண்களை வெச்சு வரையும் மேப்பும் வெறும் கோலம்தான்.

இன்னைக்கே தொடங்கணும்னா?

பணம் கட்ட வேண்டாம், ஆப் டவுன்லோடு பண்ண வேண்டாம். ஒரு ஏ4 பேப்பரும் பேனாவும் எடுங்க. உங்க வாழ்க்கையில் ‘எப்பப் பார்த்தாலும் லேட்டாகுதே’ என்று நீங்க அலுத்துக்கிற ஒரு விஷயத்தை வரையுங்க. லீவு அப்ரூவல், வீட்டு கேஸ் கனெக்‌ஷன் மாத்துறது, அந்த கல்யாண ஆல்பம், எதுவாக இருந்தாலும் சரி. வேலை எவ்வளவு, காத்திருப்பு எவ்வளவுன்னு இரண்டு வரிசையில் எழுதுங்க.

வரைஞ்சு முடிச்சதும் ‘அட, இது இங்கேயா நிக்குது!’ன்னு ஒரு ஆச்சர்யம் வந்தா, இந்தத் தேர்வு உங்களுக்கு ஒத்துவரும், தாராளமாகத் தயாராகுங்க. வரலைன்னா அந்தப் பணத்தைப் பத்திரமாக வெச்சுக்கிட்டு வேற நல்ல படிப்பைத் தேடுங்க. அப்புறம், அந்த ஸ்டூடியோ அண்ணனுக்கு போன் போட்டுத் திட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு செக் பண்ணிடுங்க. செலக்‌ஷன் லிஸ்ட் அனுப்பிட்டீங்களா?